வெயிலில் எழுத்துத் தெரிய வேண்டும்



இலக்கியமும் வரலாறும் பேசும் மேடையில் கணினித் திரையைப் பற்றிப் பேச இடம் கொடுத்திருக்கிறீர்கள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' செய்தித்தாள் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அதை வாசித்து வளர்ந்த தோட்டத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று செய்தியும் கதையும் பாடமும் படிப்பது பெரும்பாலும் திரையில்தான். காகிதத்தில் பார்க்கும் தமிழைவிட அவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் தமிழ் அதிகம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நம் எழுத்து எப்படி நிற்கிறது என்று விசாரிப்பது மொழியைப் பற்றிய விசாரணைதான் என்று நம்பி வந்திருக்கிறேன்.

கடையில் திரை விற்பவர் சொல்லும் கணக்கு வேறு. நொடிக்கு 240 முறை படம் மாறும் என்பார். 360 முறை என்பார். நூறு கோடி நிறம் என்பார். விளையாடுகிறவர்களுக்கும் படம் பார்க்கிறவர்களுக்கும் அவை வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் நமக்கென்று ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் நடுப்பகல் வெளிச்சத்தில், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் அறுபது கடந்த பாட்டிக்கும் அந்தத் திரையில் தமிழ் எழுத்து பிசிறில்லாமல் தெரிகிறதா? புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கப் போகிறேன்.

நம் மக்களுக்குத் திரை நேற்று வந்ததில்லை. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. 1978இல் வண்ணத்துக்கு மாறியது. அப்போது பல தோட்டங்களில் மின்சாரம் என்பது மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர்தான். மண்டபத்தில் ஒரு பெட்டி இருக்கும். லயத்தில் கொஞ்சம் வசதி உள்ள வீட்டில் கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த வாசலில்தான். பிறகு அந்தப் பெட்டியின் உயிரான படக்குழாயைச் செய்யும் ஆலைகளே இங்கு வந்தன. தைவானின் சுங்குவா நிறுவனம் ஷா ஆலாமிலும், சாம்சங் சிரம்பானிலும் படக்குழாய் செய்தன. அதே காலத்தில் சிலாங்கூரின் மின்னணு ஆலைகள் விடியற்காலையில் தோட்ட வாசலுக்கு பஸ் அனுப்பின. பால்மரம் வெட்டிய தாயின் மகள் அந்த பஸ்ஸில் ஏறிப் போய் பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி ஒட்டினாள். உலகத்தின் வீடுகளில் எரிந்த திரைகளில் நம் பெண்களின் கைவேலை கலந்திருக்கிறது. அதை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம். ஈயம் கலந்த கனத்த கண்ணாடிக் குழாய்களின் காலம் பின்னர் முடிந்தது. சிரம்பான் ஆலை இன்று மின்கலன் செய்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம்.

எந்தத் திரையும் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தை ஒரு பிக்சல் என்கிறோம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் குறுக்கே ஐந்து, உயரத்தில் ஏழு கட்டங்களுக்குள் எழுதிவிடலாம். ஆரம்பகால மின்னணுத் திரைகள் பலவும் அந்த அளவை மனத்தில் வைத்துத்தான் பிறந்தன. நம் மூன்று சுழி ணகரத்தை அந்த ஐந்து கட்டத்துக்குள் எழுதிப் பாருங்கள். முடியாது. கோட்டுக்கு ஒரு கட்டம், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு கட்டம் என்று சிக்கனமாக வைத்தாலும் குறுக்கே குறைந்தது பதினொரு கட்டம் வேண்டும். அதற்குக் குறைந்தால் மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று தெரியாது. 'பணி'யும் 'பனி'யும் ஒன்றாகிவிடும். புள்ளியின் பாடு இன்னும் மோசம். மெய்யெழுத்தின் தலைமேல் உள்ள புள்ளிக்குத் தனியாக ஒரு வரிசை, அதற்கும் எழுத்துக்கும் நடுவில் காலியாக ஒரு வரிசை தேவை. அந்தக் காலி வரிசை இல்லாவிட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கல்' என்பது 'கல' ஆகும். 'கி', 'கீ' இரண்டுக்கும் நடுவில் உள்ள வேற்றுமை கொம்பின் நுனியில் இருக்கும் ஒரு சின்னச் சுழிதான். பெரியவர்கள் சொல்லை ஊகித்துப் படித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையால் ஊகிக்க முடியாது.

நோக்கியா 3310 கைத்தொலைபேசி பலருக்கும் நினைவிருக்கும். அதன் திரை 84க்கு 48 கட்டம். நான் சொன்ன கணக்குப்படி அதில் ஒரு வரிக்குத் தமிழ் எழுத்து ஏழு நின்றால் பெரிது. அப்படிப்பட்ட கருவிகள் உலவிய காலத்தில்தான் கைத்தொலைபேசியில் தமிழை எழுதவும் படிக்கவும் வழி செய்த 'செல்லினம்' இந்த நாட்டிலிருந்து வந்தது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினித் தமிழில் இறங்கியவர். 'முரசு அஞ்சல்' மென்பொருள் அவருடையது. ஆப்பிள் கருவிகளில் இன்று நாம் பார்க்கும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடிவமைத்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இருக்கிற கட்டங்களுக்குள் எழுத்தை எப்படிச் சிதைக்காமல் உட்கார வைப்பது என்பதே அந்தத் தலைமுறைக்குப் பெரிய போராட்டம். வன்பொருள் செய்கிற எவரும் தமிழை நினைத்துத் திரை செய்யவில்லை. திரைக்கு ஏற்ப எழுத்தை வளைக்கும் வேலையை நம்மவர்கள் செய்தார்கள்.

இன்று நிலைமை மாறிவருகிறது. பள்ளி அலுவலகத்தில் இருக்கும் சாதாரண 24 அங்குலத் திரையில் 1920க்கு 1080 கட்டம். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 பிக்சல். நல்ல கண் ஒரு பாகைக் கோணத்துக்குள் 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்கும். திரைக்கு 60 செண்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பாகை என்பது கண்ணாடிமேல் ஒரு செண்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். அந்த இடத்தில் 92 பிக்சல் திரை தருவது 38 பிக்சல்தான். ஆகவே 'ஞ'வின் வளைவு படிக்கட்டாகத் தெரிகிறது. 27 அங்குல 4கே திரையில் அதே இடத்தில் 67 பிக்சல். வளைவு வளைவாகவே தெரியும். நல்ல திறன்பேசிகளில் அங்குலத்துக்கு 400க்கு மேல் இருப்பதால் அங்கே இந்தக் கவலை எப்போதோ தீர்ந்துவிட்டது. மேசைத் திரைதான் பின்தங்கிக் கிடந்தது. சில ஆண்டுகளாகத்தான் அதுவும் எட்டுகிற விலைக்கு வருகிறது. தமிழுக்கு நடந்த நன்மைகளில் இதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இப்போது நம் முன்னால் இருக்கும் திரைகளில் பெரும்பாலானவை எல்சிடி வகை. அதன் கதையில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1888இல் பிராகு நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிப் பார்த்தார். அது ஒரு வெப்பநிலையில் உருகிக் கலங்கலாக நின்றது. இன்னும் சூடாக்கியபோது தெளிந்தது. இரண்டு முறை உருகும் பொருள்! இடையில் இருந்த அந்தக் கலங்கல் நிலையே திரவப் படிகம். திரவம்போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில்போல ஒரு திசையைப் பார்த்து நிற்கும். எண்பது ஆண்டுகள் இது ஆய்வகத்து அதிசயமாகவே இருந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் இதைக் கொண்டு திரை செய்யலாம் என்று காட்டியது. 1970இல் சுவிட்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃப்ரிச் இருவரும் இன்னொரு வழி கண்டார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே குச்சிபோன்ற மூலக்கூறுகளைப் படிப்படியாக 90 பாகை முறுக்கி நிறுத்தினால் அவை ஒளியையும் முறுக்கிக் கொண்டுபோகும். சிறிது மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி தடைபடும். பின்னால் ஒரு விளக்கு, முன்னால் லட்சக்கணக்கான கதவுகள். எல்சிடி என்பது இவ்வளவுதான்.

அதில் ஒரு பெருங்குறை இருந்தது. நேரே உட்கார்ந்து பார்த்தால் படம் சரியாக இருக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் வெளுக்கும்; கீழிருந்து பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும். ஒரு கணினியைச் சுற்றி நாலு பிள்ளைகள் உட்காரும் நம் வகுப்பறைகளில் இது எவ்வளவு தொல்லை என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். நடுவில் இருப்பவன் படிப்பான், ஓரத்தில் இருப்பவள் அவன் முகத்தைப் பார்ப்பாள்.

அந்தக் குறைக்கு மருந்து பெங்களூரில் கிடைத்தது. இராமன் ஆய்வுக் கழகத்தில் திரவப் படிக ஆய்வகத்தை நடத்தியவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். திருச்சிராப்பள்ளி தந்த சர் சி. வி. இராமனின் உடன்பிறந்தாள் மகன். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறு. அவர் இராமனின் அண்ணன் மகன். ஒரே குடும்பத்தில் இரண்டு சந்திரசேகர்கள், பலரும் குழப்பிக்கொள்வார்கள். 1977 வரை, திரவப் படிகம் என்றால் மூலக்கூறு குச்சிபோல நீண்டிருக்க வேண்டும் என்றே உலகம் நினைத்திருந்தது. சந்திரசேகரும் உடன் உழைத்த சதாசிவா, சுரேஷ் இருவரும் தட்டையான, வட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாக நின்று திரவப் படிகம் ஆகும் என்று அந்த ஆண்டு 'பிரமாணா' என்ற இந்திய ஆய்விதழில் காட்டினார்கள். வெளிநாட்டு இதழில் போய் விழாமல் இங்கேயே வெளியிட்ட கட்டுரை அது. துறையில் அதற்குப் பிறகு ஒரு புதுக் கிளையே முளைத்தது.

இருபது ஆண்டுக்குள் அது நம் மேசைக்கு வந்தது. ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் வட்டு மூலக்கூறுகளை ஒரு மெல்லிய படலத்தில் சாய்வாக அடுக்கி உறைய வைத்து, 1990களின் நடுவில் எல்சிடி திரைகளுக்கென விற்கத் தொடங்கியது. குச்சி மூலக்கூறுகள் பக்கவாட்டில் செய்யும் பிழையை வட்டு மூலக்கூறுகள் எதிர்ப்பக்கமாகத் திருத்தும். அந்தப் படலம் ஒட்டிய பிறகுதான் மலிவான திரைகளும் ஓரத்திலிருந்து பார்க்கத் தக்கவை ஆயின. நம் பள்ளிகளில் 2000களில் வந்து இறங்கிய தட்டைத் திரைகளில் எத்தனையோ இந்தப் படலத்தைச் சுமந்தவை. அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இராமன் பெயரைச் சொல்லும்போது இவர் பெயரையும் ஒருமுறை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்சிடிக்கு இன்னொரு குறை உண்டு. இதைத் தீர்க்கத்தான் இன்றைய புதுமைகள் எல்லாம் வந்துகொண்டிருக்கின்றன. பின்னால் எரியும் விளக்கின் ஒளியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட நம் கண்ணுக்கு வருவதில்லை. முன்னும் பின்னும் உள்ள, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் தளவிளைவுப் படலம் பாதியைத் தின்கிறது. நிற வடிகட்டி மூன்றில் இரண்டு பங்கைத் தின்கிறது. கறுப்பு காட்ட வேண்டிய இடத்திலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

மாற்று வழி எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டாம். சிலாங்கூர் ஆற்றோரம் கம்போங் குவாந்தானில் இருட்டிய பிறகு சம்பானில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணையும். மரத்துக்குப் பின்னால் விளக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பூச்சியும் தன் ஒளியைத் தானே உண்டாக்குகிறது, அணைந்தால் அந்த இடம் முழு இருட்டு. ஓஎல்இடி என்ற கரிம ஒளித் திரை அப்படிப்பட்டது. 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், வான் ஸ்லைக் இருவரும் மெல்லிய கரிமப் படலங்களில் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளி வரவைத்ததில் இது தொடங்கியது. திறன்பேசி, தொலைக்காட்சி என்று பரவி, 2022 முதல் மேசைத் திரைகளிலும் வேகமாக நுழைந்திருக்கிறது.

மின்மினிக்கும் இந்தத் திரைக்கும் உள்ள உறவு பார்வையோடு நிற்கவில்லை. ஒளியை உண்டாக்குவது பாதி வேலை. அதை வெளியே கொண்டுவருவது மறுபாதி. அடர்ந்த பொருளுக்குள் பிறக்கும் ஒளி, மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். எதுவும் செய்யாமல் விட்டால் ஓஎல்இடியில் பிறக்கும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். பெல்ஜியத்தின் நாமூர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் பனாமா நாட்டு மின்மினி ஒன்றின் வயிற்றை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதன் செதில்கள் ஓட்டுக் கூரைபோலச் சாய்ந்து, விளிம்புகள் துருத்திக்கொண்டு இருந்தன. அந்த வடிவத்தை ஓர் எல்இடியின் மேற்பூச்சில் லேசரால் செதுக்கியபோது 55 விழுக்காடு கூடுதல் ஒளி வெளிவந்தது. 2013இல் வெளியான ஆய்வு அது. தென்கொரியாவிலும் மின்மினியின் ஒளியுறுப்பைப் பார்த்து எல்இடிக்கு வில்லை செய்தார்கள். எல்ஜி நிறுவனம் 2023இல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்வில்லைகளைத் திரைமேல் பரப்பியதும் இதே சிக்கலைத் தீர்க்கத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. மின்மினிக்கு வெளிச்சம்தான் துணை தேடும் மொழி. ஆற்றை நோக்கிக் காட்டும் விளம்பரத் திரைகளும் வெள்ளை எல்இடி விளக்குகளும் அந்த மொழியை அழித்துவிடும். திரைத் தொழில் எந்த உயிரிடமிருந்து பாடம் கற்றதோ, அதன் உறவுக்காரர்கள் நம் ஆற்றங்கரையில் வாழ்கிறார்கள். கடை வைத்திருப்பவர்களும் தங்குவிடுதி நடத்துகிறவர்களும் ஆற்றுப் பக்கம் திரும்பிய விளக்கை அணைத்துவிடுங்கள். மேற்கொண்டு செலவே இல்லாத உதவி இது.

ஓஎல்இடி தமிழுக்கு எப்படி? முதலில் வந்த மேசைத் திரைகளில் எனக்கு மனநிறைவு இல்லை. காரணம் நுட்பமானது. ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டுகள் உண்டு. வழக்கமான எல்சிடியில் இவை நிமிர்ந்த கோடுகளாக அடுத்தடுத்து நிற்கும். எழுத்தைக் கூர்மையாக்கும் கணினி நிரல், இந்த வரிசையை நம்பி முழுப் பிக்சலுக்குப் பதில் மூன்றிலொரு துண்டை எரியவைத்துக் கோட்டை மெலிதாக்கும். ஓஎல்இடி செய்தவர்களோ துண்டுகளை முக்கோணமாக வைத்தார்கள், அல்லது நடுவில் வெள்ளைத் துண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். அதனால் கறுப்பு எழுத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிறம் கசிந்தது. நேர்க்கோடுகள் மிகுந்த எழுத்துக்கு அது சிறு குறை. 'ஐ', 'ஞ', 'ஜ' போன்று வளைவுக்குள் வளைவாக எழுதும் நமக்கு அது கண் எரிச்சல்.

நல்ல செய்தி என்னவென்றால், அலுவலகங்களில் எழுத்து வேலை செய்கிறவர்கள் உலகமெங்கும் இதைக் குறையாகச் சொன்னார்கள், நிறுவனங்கள் கேட்டன. 2025இல் 27 அங்குலத்தில் 4கே ஓஎல்இடி திரைகள் வந்தன. அங்குலத்துக்கு 166 பிக்சல், ஆகவே கசிவு இருந்தாலும் கண்ணுக்கு எட்டாது. அண்மையில் எல்ஜியும் சாம்சங்கும் மூன்று நிறத்தையும் பழையபடி நிமிர்ந்த கோடுகளாக நிறுத்தும் திரைகளை அறிவித்திருக்கின்றன. கடந்த பத்தாண்டில் மேசைத் திரையில் வந்த மாற்றங்களில், எழுத்துக்காகவே வந்த மாற்றம் என்று நான் வரவேற்பது இதைத்தான்.

அதற்காக இன்றே எல்லாரும் ஓஎல்இடி வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். கரிமப் பொருளுக்கு ஈரமும் ஆக்சிஜனும் பகை. ஒரு சதுர மீட்டர் படலத்தின் வழியே ஒரு நாளைக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவிதான் கசியலாம் என்ற அளவுக்கு அதை மூடி முத்திரையிட வேண்டியிருக்கிறது. நீல நிறம் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் களைத்துப்போகிறது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் புதுவகை நீலத்தை வணிக உற்பத்தி அளவுக்குக் கொண்டுவந்ததாக எல்ஜி 2025 மே மாதத்தில்தான் அறிவித்தது. நாள் முழுவதும் ஒரே வருகைப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கும் பள்ளி அலுவலகத்தில் அந்தப் பட்டியலின் தடம் திரையில் தங்கிவிடவும் கூடும். அங்கே நல்ல எல்சிடியே போதும்.

மைக்ரோ எல்இடி என்று இன்னொன்று பேசப்படுகிறது. கரிமப் பொருளே இல்லாமல், மயிரிழையைவிடச் சின்னதான எல்இடிகளை ஒவ்வொரு பிக்சலிலும் பதிப்பது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. நம் நாட்டுக்கு இதுவே பொருத்தம். ஆனால் கோடிக்கணக்கான துகள்களைப் பிழையில்லாமல் எடுத்து வைப்பது இன்னும் மலிவாகவில்லை. இதை நம்பிக் கெடாவின் கூலிமில் ஏஎம்எஸ் ஓஸ்ராம் நிறுவனம் பெரிய ஆலை கட்டியது. 2024 பிப்ரவரியில் அதன் முக்கிய வாடிக்கையாளர் திட்டத்தைக் கைவிட்டார். ஆப்பிள் கைக்கடிகாரத்துக்கானது என்று பரவலாகச் செய்தி வந்தது. தொழில்நுட்பம் தோற்கவில்லை, காலம் கனியவில்லை. அவ்வளவே இப்போதைக்குச் சொல்லலாம்.

இனி வெயில். எனக்கு மிகவும் முக்கியமான பகுதி இது.

1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த மாவட்டத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில் எழுந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இங்கே வேலை என்றால் வெயிலில் வேலை. வெட்டிய குலைகளை மண்டோர் கைத்தொலைபேசியில் பதிவதும், இடைவேளையில் தொழிலாளி ஒரு செய்தியைப் படிப்பதும் வெயிலில்தான். பிள்ளைகளும் வீட்டுக்குள் இருப்பதைவிட வராந்தாவிலும் மரத்தடியிலும் இருப்பதையே விரும்புவார்கள். நடுப்பகலின் நேர் வெயிலில் ஒரு வெள்ளைத் தாள், ஒளிர்வை அளக்கும் அலகான நிட்டில், ஏறக்குறைய 25,000 அளவுக்கு ஒளிர்கிறது. சாதாரணக் கணினித் திரையின் ஒளி 250 முதல் 350 நிட். விலையுயர்ந்த திறன்பேசி தன் முழு வலிமையைக் காட்டினால் 2,000, 3,000. இந்தப் போட்டியில் எந்த விளக்கும் சூரியனை வெல்லாது. வென்றே தீருவேன் என்று ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் பேட்டரிதான் தீரும்.

மாற்று வழி, வெயிலையே விளக்காக்கிக் கொள்வது. மின்தாள் அதைச் செய்கிறது. மயிரிழை பருமனுள்ள கோடிக்கணக்கான குமிழ்கள்; ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்ற வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எண்ணெயில் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அங்கேயே நிற்கும். அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்து 1997இல் நிறுவனமான இ இங்க் இதை உலகுக்குத் தந்தது. மேலே விழும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கை அது திருப்பி அனுப்புகிறது. ஆகவே வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பதால் மூன்று சுழி ணகரமும் புள்ளியும் அச்சில் உள்ளதுபோலவே இருக்கும். 2016 டிசம்பரில் அமேசான் தன் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு இடம் கொடுத்த பிறகு, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அச்சான எத்தனையோ நூல்கள் கப்பல் ஏறாமல் இங்கே வந்து சேர்கின்றன. வண்ண மின்தாளும் வந்துவிட்டது. நிறம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது, பக்கம் மாறவும் நேரம் பிடிக்கிறது. பாடநூல் படிக்க அது தடையில்லை.

இதற்கு முன்னோடி ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக 2007இல் வெளிவந்த எக்ஸ்ஓ மடிக்கணினிக்கு மேரி லூ ஜெப்சன் என்ற பெண் பொறியாளர் ஒரு திரை செய்தார். 7.5 அங்குலம். நிழலில் வண்ணமாக எரியும். வெயிலுக்குக் கொண்டுபோனால் விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில், அங்குலத்துக்கு 200 பிக்சல் நுட்பத்தில் படிக்கலாம். அந்தத் திட்டம் நினைத்த அளவுக்கு வெற்றி பெறவில்லை. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளையை மனத்தில் வைத்து ஒரு திரை செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரே திறன்பேசியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் படித்த வீடுகளை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அப்படிப்பட்ட திரை அன்று கையில் இருந்திருந்தால் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

கண் நலத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சீனாவின் குவாங்சோ நகரில் தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விடப்பட்ட பிள்ளைகளில் மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 விழுக்காடு. அந்த நன்மை வெளியில் இருந்த நேரத்தால் வந்தது; வெயிலில் திரை பார்த்தால் அதே நன்மை வரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இருட்டறையில்தான் தெரியும் திரை பிள்ளையை உள்ளே இழுக்கிறது. வெளியிலும் தெரியும் திரை அவளை உள்ளே இழுக்காது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பலர் வந்திருக்கிறீர்கள். நன்கொடைப் பணத்தில் பள்ளிக்குத் திரை வாங்கும் முடிவு உங்கள் கையில்தான் வருகிறது. வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு மாதிரியைக் கேளுங்கள். அதில் 'கண்ணாடி, பணி, பனி, ஞாயிற்றுக்கிழமை, கீழ், கிழி' என்று 12 எழுத்தளவில் தட்டுங்கள். பிறகு அதை நடுப்பகலில் சன்னல் திறந்த வகுப்பறையில் வைத்து, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து, நேரேயும் ஓரத்திலும் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வகுப்புக்குப் பெரிய தொடுதிரை என்றால் கடைசி பெஞ்சிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் கண்ணாடி முகம் கொண்டதில் சன்னலும் மின்விசிறியும் பிரதிபலிக்கும். பளபளப்பில்லாத முகம் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். மேசைத் திரைக்கு 27 அங்குலத்தில் 4கே, அதற்குக் கீழே வேண்டாம். நூலகத்துக்குப் பத்து மடிக்கணினி வாங்கும் பணம் இருந்தால், அதில் ஒரு பகுதிக்கு மின்தாள் வாசிப்பான்கள் வாங்கி, தமிழ் நூல்களை நிரப்பி, வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள். நான் கொண்டுவந்த மூன்று திரைகளும் ஒரு பூதக்கண்ணாடியும் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. 92 பிக்சல், 163 பிக்சல், 300 பிக்சல். மூன்றிலும் அதே ஆறு சொற்கள். தேநீர் வேளையில் வந்து பாருங்கள். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.